மிஸஸ்ல அந்த ஆர் எங்கேருந்து வந்துச்சு? இங்கிலீஷ் சுருக்கங்கள் பத்தி விரிவா ஒரு பதில்

நீங்க கேட்டது இதெல்லாம்: வாயால மிஸஸ்னு சொல்றோம், ஆனா எழுதும்போது எம்-ஆர்-எஸ், நடுவுல ஆர் எதுக்கு? அவுன்ஸ்ங்கற வார்த்தையில இசட்டே கிடையாது, அப்புறம் ஏன் ஓ-இசட்னு எழுதறாங்க? நாசாவ ஒரே வார்த்தையா படிக்கறோம், எஃப்பிஐ-ய மட்டும் ஏன் எழுத்து எழுத்தா படிக்கறோம்? எங்க புள்ளி வைக்கணும், எங்க வைக்கக் கூடாது? கடைசியா, இந்த சாட் பாஷை இங்கிலீஷ கெடுக்குதா?

தனித்தனி கேள்வியா தெரிஞ்சாலும் எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கற முக்கால்வாசி சுருக்கம் ஏதோ ஒரு காலத்துல ஏதோ ஒண்ணு பத்தாம போனதால வந்தது. எழுதறதுக்கு தோல் பத்தல, தந்தி அடிக்க காசு பத்தல, போன்ல எழுத்துக்கு இடம் பத்தல. அந்தப் பற்றாக்குறை தீர்ந்து போயிடுச்சு, சுருக்கம் மட்டும் தங்கிடுச்சு. எந்தப் பற்றாக்குறையில வந்ததுனு தெரிஞ்சிட்டா அது ஏன் இப்படி விசித்திரமா இருக்குனு தன்னால புரியும், மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

முதல்ல மிஸஸ். மிஸ்டர்ங்கறது மாஸ்டர்ங்கற வார்த்தையே கொஞ்சம் மாறி வந்ததுதான், எம்-ஆர்னு எழுதறது அதோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். அதே மாதிரி எம்-ஆர்-எஸ்ங்கறது மிஸ்ட்ரஸ்ங்கற வார்த்தையோட சுருக்கம், அதுல ஆர் இருக்கு, அதான் இதுலயும் இருக்கு. நாளாக நாளாக ஜனங்க வாயில மிஸ்ட்ரஸ் தேய்ஞ்சு மிஸிஸ் ஆயிடுச்சு, எழுத்து மட்டும் பழைய வார்த்தையையே பிடிச்சிட்டு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் மிஸ்ட்ரஸ்ங்கற முழு வார்த்தைக்கு வேற மாதிரி அர்த்தம் ஏறிட்டதால இன்னைக்கு மிஸஸ்ஸ யாராலயும் விரிச்சு எழுத முடியாது, சுருக்கம் உயிரோட இருக்கு, அதோட முழு வடிவம் கை விட்டுப் போச்சு. இன்னொண்ணு, 17, 18-ம் நூற்றாண்டுல கல்யாணம் ஆகாத பெரிய பெண்களுக்கும் மிஸஸ் போடுவாங்க, அப்போ அது மரியாதைப் பட்டம்தான், கல்யாணம் ஆயிடுச்சுங்கறதுக்கான அடையாளம் கிடையாது. மிஸ்ஸும் அதே மிஸ்ட்ரஸ்ல இருந்து வந்ததுதான். கல்யாணம் ஆனதா இல்லையானு சொல்லாம பொதுவா ஒரு பட்டம் வேணும்னு எம்-எஸ்ங்கறத 1901-லயே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல ஒரு பேப்பர்ல எழுதினாங்க, ஆனா அது ஊரெல்லாம் புழக்கத்துக்கு வர 1970-கள் வரைக்கும் ஆச்சு.

இப்போ ஓ-இசட். இதுக்கு இத்தாலி பக்கம் போகணும். பழைய இத்தாலியன்ல அவுன்ஸுக்கு ஒன்ஸா மாதிரி ஒரு வார்த்தை, அதுல இசட் உண்டு. வியாபாரிங்க அந்த சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கிட்டாங்க, வாயில மட்டும் அவுன்ஸ்னு தங்களோட வார்த்தையை சொன்னாங்க. பவுண்டுக்கு எழுதற எல்-பியும் இதே கதைதான், லத்தீன்ல லிப்ரா போண்டோனு ஒரு எடைப் பேரு இருந்துச்சு, எழுத்துல முதல் பாதியான லிப்ராவோட சுருக்கம் நின்னுச்சு, வாயில ரெண்டாம் பாதியான போண்டோ பவுண்டா நின்னுச்சு. ஒரே பேரை ரெண்டா பிச்சு ஒரு பாதியை எழுத்துக்கும் இன்னொரு பாதியை பேச்சுக்கும் வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. பிரிட்டன் பணத்துக்கு போடற பவுண்ட் குறி இருக்கே, குறுக்கு கோடு போட்ட எல், அதுவும் இதே லிப்ராதான். போன் கீபேடுல இருக்கற ஹேஷ் குறிக்கு அமெரிக்காவுல பவுண்ட் சைன்னு பேரு, எல்-பி மேல குறுக்கு கோடு போட்டு வேகமா எழுதி எழுதி வந்த வடிவம்னுதான் அதுக்கு பொதுவா சொல்ற விளக்கம்.

இந்த லத்தீன் கூட்டம் ரொம்பப் பெருசு, இங்கதான் நிறைய பேரு தடுமாறுறாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். பல நூறு வருஷம் ஐரோப்பாவுல படிப்பு, சட்டம், மருந்து, கோயில் எல்லாமே லத்தீன்ல நடந்துச்சு. எழுதினது கன்னுக்குட்டி தோல்லயும் ஆட்டுத் தோல்லயும். ஒரு தடிமனான புஸ்தகத்துக்கு எத்தனை மிருகத்தோட தோல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க, எல்லாத்தையும் கையாலயே வேற எழுதணும். அதனால எழுத்தர்கள் அடிக்கடி வர்ற வார்த்தையெல்லாம் வெட்டி, மேல ஒரு கோடு, பக்கத்துல ஒரு சுழி போட்டு விட்டாங்க. ஆண்டுக்கு பதிலா போடற அந்த சுழிக் குறி, ஆம்பர்சாண்டு, அது லத்தீன்ல 'எட்' அப்படிங்கற வார்த்தையோட ரெண்டு எழுத்தை ஒட்டி எழுதினது, சில ஃபாண்ட்ல இன்னும் ஈ-யும் டி-யும் தெளிவா தெரியும். விஸ் அப்படினு ஒரு சுருக்கம் பழைய புஸ்தகங்கள்ல வரும், வி-ஐ-இசட்னு எழுதுவாங்க, 'அதாவது'னு அர்த்தம், அதோட முழு வார்த்தை விடெலிசெட். அதுல இசட் எங்கன்னு தேடாதீங்க, எழுத்தர்கள் வார்த்தையோட கடைசியில போட்ட ஒரு வெட்டுக்குறி 3 மாதிரி இருந்துச்சு, அச்சுக்கு வரும்போது அதுக்கு கிட்டத்தட்ட இருந்த இசட்டை போட்டுட்டாங்க. அவுன்ஸ்ல இருக்கறது நிஜ இசட், இது இசட் மாதிரி வேஷம் போட்ட குறி.

நம்பருக்கு என்-ஓ போடறோமே, நம்பர்ல ஓ கிடையாது, அது லத்தீன் 'நியூமரோ'. டாக்டர் சீட்டுல மேல போடற ஆர்-எக்ஸ்ல எக்ஸ் எழுத்தே கிடையாது, ஆர் காலுக்கு குறுக்கால ஒரு கோடு, அது 'ரெசிப்பி'ங்கற லத்தீன் கட்டளை, 'எடுத்துக்கொள்'னு அர்த்தம், மருந்து கலக்கறவருக்கு சொல்றது. எல்எல்பி-ல ஏன் ரெண்டு எல்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருக்கும், லத்தீன் சுருக்கத்துல ஒரு எழுத்தை ரெட்டிச்சா பன்மை, அதனால ரெண்டு எல்னா சட்டம் இல்ல, சட்டங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பி, பல பக்கத்துக்கு ரெண்டு பி போடறதும் அதே பழக்கம்தான்.

ஏஎம், பிஎம்-ல இருக்கற எம் மெரிடியம், நடுப்பகல். ஏஎம்னா நடுப்பகலுக்கு முன்ன, பிஎம்னா பின்ன. இது தெரிஞ்சா 12 ஏஎம், 12 பிஎம் ஏன் குழப்புதுனு புரியும், ஏன்னா சரியா நடுப்பகல் 12 மணிங்கறது நடுப்பகலுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. முக்கியமான நேரம்னா 12 நூன், 12 மிட்நைட்னு எழுதிடுங்க, ரயிலோ பரீட்சையோ தப்பிப் போகாது.

ஈ.ஜி., ஐ.ஈ. ரெண்டையும் மாத்தி மாத்தி போடறது நான் அதிகமா பாக்கற தப்பு. முதல்ல சொன்னது எக்ஸெம்ப்ளி கிராஷியா, 'உதாரணத்துக்கு'. ரெண்டாவது இட் எஸ்ட், 'அதாவது'. ஈ.ஜி. போட்டா நீங்க சொல்றது சில உதாரணம்தான், இன்னும் இருக்குனு அர்த்தம், ஐ.ஈ. போட்டா நீங்க சொல்றதுதான் மொத்தமும். ஒரு ஒப்பந்தத்துல இதை மாத்திப் போட்டா அர்த்தமே மாறிடும். ஈ.ஜி. போட்டு உதாரணம் சொல்லிட்டு கடைசியில எட்செட்ராவும் போடாதீங்க, ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுது. கி.பி.-க்கு போடற ஏடி லத்தீன் அன்னோ டோமினி, ஆனா கி.மு.-க்கு போடற பிசி சாதாரண இங்கிலீஷ், பிஃபோர் கிறைஸ்ட், ஜோடியா வர்ற ரெண்டு சுருக்கம் ரெண்டு பாஷையில இருக்கறது நிறைய பேருக்குத் தெரியாது.

எக்ஸ்மஸ்னு எழுதறது கிறிஸ்துவோட பேரை எடுத்துட்டு எக்ஸ் போடற அவமரியாதைனு சிலர் வருத்தப்படறாங்க. அந்த வருத்தத்துக்கு அவசியமே இல்ல. கிரேக்கத்துல கிறிஸ்துங்கற பேரோட முதல் எழுத்து பாக்க எக்ஸ் மாதிரி இருக்கும், அதை கை-னு சொல்லுவாங்க, கிறிஸ்தவ எழுத்தர்களே பல நூற்றாண்டா பயபக்தியோட போட்ட சுருக்கம் அது.

தோல் போய் காகிதம் வந்து, அச்சு வந்து, அப்புறம் தந்தி வந்துச்சு. தந்தியில வார்த்தைக்கு இவ்ளோனு காசு, அதனால சுருக்கத்துக்கு நேரடியா பண மதிப்பு வந்துச்சு. வால்டர் ஃபிலிப்ஸ்ங்கற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1879-ல செய்தி அனுப்பறவங்களுக்காக ஒரு பெரிய சுருக்கப் பட்டியலே போட்டாரு. இன்னைக்கு அமெரிக்க ஜனாதிபதிய போட்டஸ்னும் சுப்ரீம் கோர்ட்ட ஸ்கோட்டஸ்னும் எழுதறத பாத்து ட்விட்டர் காலத்து கண்டுபிடிப்புனு நினைப்பீங்க, ரெண்டும் 19-ம் நூற்றாண்டு தந்தி ஆபரேட்டருங்க சொத்து.

தந்தின்னதும் கப்பல்காரங்க ஆபத்துல அனுப்பற எஸ்ஓஎஸ் ஞாபகம் வரும். 'சேவ் அவர் சோல்ஸ்', 'சேவ் அவர் ஷிப்' இதோட சுருக்கம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிஜத்துல அது எதோட சுருக்கமும் இல்ல. மூணு புள்ளி, மூணு கோடு, மூணு புள்ளினு இடைவெளி விடாம அடிச்சா எவ்ளோ இரைச்சல்லயும் தனியா கேக்கும்ங்கறதுதான் காரணம். ஜெர்மனிக்காரங்க 1905-ல தங்களோட விதியில சேத்தாங்க, 1906-ல பெர்லின்ல நடந்த சர்வதேச மாநாட்டுல எல்லாருக்கும் பொதுவா ஏத்துக்கிட்டாங்க. விரிவாக்கம் எல்லாம் அப்புறம் ஜனங்க ஒட்ட வெச்சது.

இங்கதான் உங்களுக்கு ஒரு உருப்படியான அளவுகோல் தர முடியும். முதல் எழுத்துக்களை சேத்து ஒரு புது வார்த்தையா படிக்கற பழக்கம் இங்கிலீஷ்ல 20-ம் நூற்றாண்டுக்கு முன்னாடி ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுக்கு வெச்ச அக்ரோனிம்ங்கற பேரே 1940-கள்லதான் பரவுச்சு. அதனால ஒரு பழைய வார்த்தைக்கு யாராவது முதலெழுத்து விளக்கம் குடுத்தா உடனே சந்தேகப்படுங்க. நியூஸ்னா நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்னு ஒரு ஃபார்வர்ட் வரும், தப்பு, நியூங்கற வார்த்தையோட பன்மை அது, அவ்ளோதான். டிப்ஸ்ஸுக்கு ஒரு விரிவாக்கம், கோல்ஃபுக்கு ஒண்ணு, கப்பல்ல நிழல் பக்கம் ரூம் எடுத்தவங்கள வெச்சு ஆடம்பரம்னு அர்த்தம் வர்ற 'பாஷ்'ங்கற வார்த்தைக்கு ஒண்ணு, எதுக்குமே ஆதாரம் கிடையாது. கேக்க அழகா இருக்கறதாலயே இதெல்லாம் சாகாம சுத்திட்டு இருக்கு.

பழைய சுருக்கங்கள்ல நிஜமாவே ஆதாரம் இருக்கறது 'ஓகே'ங்கற சுருக்கத்துக்கு. 1839 மார்ச் 23-ம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பேப்பர்ல முதல் தடவையா அச்சுல வருது. அப்போ அங்க பத்திரிகைக்காரங்க நடுவுல ஒரு விளையாட்டு இருந்துச்சு, வார்த்தைய வேணும்னே தப்பு ஸ்பெல்லிங்ல எழுதி அதோட முதலெழுத்தை எடுக்கறது. ஆல் கரெக்ட்ங்கறத ஓ-வுலயும் கே-யிலயும் ஆரம்பிக்கற மாதிரி தப்பா எழுதினா ஓகே. ஆல் ரைட்டுக்கு ஓ-டபிள்யூனு ஒண்ணு இருந்துச்சு, அது செத்துப் போச்சு. ஓகே மட்டும் ஏன் பிழைச்சுதுனா அடுத்த வருஷம் 1840-ல ஜனாதிபதி தேர்தல், அதுல நின்ன மார்ட்டின் வான் ப்யூரனோட சொந்த ஊர் கிண்டர்ஹுக், அவரோட ஆளுங்க 'ஓல்ட் கிண்டர்ஹுக்' அப்படினு ஓகே கிளப் ஆரம்பிச்சாங்க, எதிர்க்கட்சிக்காரங்களும் அதையே வெச்சு கிண்டல் பண்ணாங்க, ரெண்டு பக்கமும் சேந்து அந்த சுருக்கத்தை நாடு முழுக்க கொண்டு போயிட்டாங்க. வான் ப்யூரன் தோத்துட்டாரு, ஓகே ஜெயிச்சிடுச்சு. இதையெல்லாம் 1960-கள்ல பழைய பேப்பர் பேப்பரா தேடி நிரூபிச்சவர் ஆலன் வாக்கர் ரீட்ங்கற மொழி ஆராய்ச்சியாளர், அவரோட பொறுமைக்கு நான் எப்பவும் தலை வணங்குவேன்.

நாசா, எஃப்பிஐ கேள்விக்கு வர்றேன். உயிரெழுத்து சத்தம் நடுவுல வந்து வாயில சுலபமா புரண்டா வார்த்தையா படிக்கறாங்க, எஃப்பிஐ மாதிரி புரளலைனா எழுத்தா படிக்கறாங்க, பொதுவா இவ்ளோதான். ஆனா இது விதி இல்ல, வழக்கம். ஏஎஸ்ஏபி-ய சிலர் எழுத்தா சொல்லுவாங்க, சிலர் ஏசாப்னு சொல்லுவாங்க. டேட்டாபேஸ்ல தகவல் தேட எழுதற கம்ப்யூட்டர் பாஷையான எஸ்கியூஎல்-ல பாதி பேருக்கு எழுத்து, பாதி பேருக்கு சீக்வெல். ஜேபெக்ல முதல் எழுத்து மட்டும் தனியா, மீதி வார்த்தையா. முழுசா வார்த்தையாவே மாறிட்டா அது சுருக்கம்ங்கறதே மறந்து போயிடும். ரேடார் 1940-ல அமெரிக்க கடற்படை வெச்ச பேரு, ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங். லேசர்ங்கறது கார்டன் கௌல்ட்ங்கற அமெரிக்க இயற்பியலாளர் 1957-ல தன்னோட நோட்டுல எழுதி வெச்ச பேரு, லைட் ஆம்ப்ளிஃபிகேஷன்ல ஆரம்பிச்சு ரேடியேஷன்ல முடியும். இன்னைக்கு யாரும் அதை பெரிய எழுத்துல எழுதறது இல்ல, 'லேஸ்'னு ஒரு வினைச்சொல்லே அதுலேருந்து உருவாக்கிட்டாங்க, அதாவது லேசர் மாதிரி ஒளி வீசறது. சுருக்கத்துலேருந்து ஒரு வினைச்சொல் முளைக்கற அளவுக்கு அது வேர் விட்டிருக்கு.

அப்புறம், வார்த்தைய நறுக்கறது. எக்ஸாம், லேப், ஜிம், போன், ஃப்ளூ இதெல்லாம். இதுல எந்தப் பக்கம் நறுக்கணும்னு விதி எதுவும் கிடையாது. எக்ஸாமினேஷன்ல வால் போச்சு, டெலிபோன்ல தலை போச்சு, இன்ஃப்ளூயன்ஸாவுல ரெண்டும் போய் நடுத்துண்டு ஃப்ளூ நின்னுச்சு. ரெஃப்ரிஜிரேட்டர்ல டி-யே கிடையாது, ஆனா ஃப்ரிட்ஜ்ல டி வருது, ஏன்னா நறுக்கினத அப்படியே எழுதினா கடைசி எழுத்தை 'க்'னு படிச்சிடுவாங்க, பிரிட்ஜ் மாதிரி எழுதினாத்தான் சத்தம் சரியா வரும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது டாக்ஸிகேப். அதுல டாக்ஸிங்கறது டாக்ஸிமீட்டர், வாடகைய கணக்கு பண்ற மீட்டர். கேப்ங்கறது கேப்ரியோலே, ரெண்டு சக்கர குதிரை வண்டி. ரெண்டு நறுக்கின துண்டை ஒட்டி ஒரு வார்த்தை பண்ணாங்க, அது நீளமா இருக்குனு அதையும் திரும்ப வெட்டினாங்க, இப்போ டாக்ஸின்னாலும் அதே வண்டி, கேப்ன்னாலும் அதே வண்டி. பஸ் இதைவிட ஆச்சரியம். ஆம்னிபஸ்ங்கறது லத்தீன்ல 'எல்லாருக்கும்', 1820-கள்ல ஃபிரான்ஸ்ல பொது வண்டிக்கு அந்தப் பேரு வந்துச்சு, 1829-ல ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டன்ல ஓட்டினாரு. இதுல 'எல்லாம்'ங்கற அர்த்தம் இருக்கறது முன்பாதியில. கடைசியில இருக்கற பஸ்ங்கற துண்டு வெறும் வேற்றுமை உருபோட வால், 'களுக்கு' மாதிரி, அதுக்குனு தனியா அர்த்தமே கிடையாது. அர்த்தம் இருக்கற பாதிய தூக்கிப் போட்டுட்டு உருபை மட்டும் வெச்சுக்கிட்டாங்க, இன்னைக்கு உலகம் முழுக்க அந்த உருபுலதான் ஏறிப் போறோம்.

நறுக்கினதுக்கப்புறம் அர்த்தம் தனி வழியில போறதும் உண்டு. ஃபேன், அதாவது ரசிகர், ஃபனாட்டிக்ல இருந்து வந்ததுனு நல்ல ஆதாரத்தோட சொல்றாங்க, ஆனா ஒருத்தர ஃபேன்னு சொன்னா சந்தோஷப்படுவாரு, ஃபனாட்டிக்னு சொன்னா சண்டைக்கு வருவாரு. ரெண்டு வார்த்தைய ஒட்டறதும் இந்தக் குடும்பம்தான்: ஸ்மோக், ஃபாக் சேந்த ஸ்மாக், மாடுலேட்டர் டிமாடுலேட்டர் சேந்த மோடம், பைனரி டிஜிட் சுருங்கின பிட். பிட்ங்கற பேரை ஜான் டூக்கிங்கற கணித அறிஞர் சொன்னாருனு கிளாட் ஷானன்ங்கற இன்னொரு கணித அறிஞர் 1948 கட்டுரையில எழுதியிருக்காரு.

இப்போ அந்த கெடுக்குதா கேள்வி. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710-ல டாட்லர் பத்திரிகையில இதே புகாரை எழுதினாரு, ஜனங்க வார்த்தைய பாதியிலேயே வெட்டி இங்கிலீஷ நாசம் பண்றாங்கனு. அவர் கோவப்பட்ட வார்த்தைங்கள்ல ஒண்ணு மாப், லத்தீன் மொபிலே வல்கஸ்ங்கறத வெட்டினது, நிலையில்லாத கூட்டம்னு அர்த்தம். இன்னொண்ணு பாஸிட்டிவ்ங்கறத வெட்டின பாஸ். ரெண்டாவதுக்கு அவர் கோவப்பட்டிருக்கவே தேவை இல்ல, தானா போயிடுச்சு. மாப் இன்னைக்கு கோர்ட் தீர்ப்புலயே வருது. ஸ்விஃப்ட் பெரிய எழுத்தாளர், அவரே எவ்ளோ கோவப்பட்டும் எந்த வார்த்தை நிக்கும் எது போகும்ங்கறத புழங்கற ஜனங்கதான் முடிவு பண்ணாங்க.

ஓஎம்ஜி-ய இந்தக் காலத்து பசங்க கண்டுபிடிச்சதா நினைக்கறோம். 1917 செப்டம்பர்ல ஜான் ஃபிஷர்ங்கற பிரிட்டிஷ் அட்மிரல், 76 வயசு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதின லெட்டர்ல அதை போட்டு, பக்கத்துலயே விரிவாக்கமும் எழுதியிருக்காரு. எஸ்எம்எஸ் சுருக்கத்துக்கு காரணம் சோம்பேறித்தனம்னு சொல்றதும் சரியில்ல. ஒரு மெசேஜுக்கு 160 எழுத்துதான், தாண்டினா ரெண்டாவது மெசேஜ் காசு. அதைவிட முக்கியம் அந்தப் பழைய பட்டன் போன். எஸ் வேணும்னா 7-ஐ நாலு தடவை அமுக்கணும். 'யூ'ங்கறத முழு ஸ்பெல்லிங்ல அடிக்க எட்டு அமுக்கு, ஒத்தை எழுத்து யூ போட்டா ரெண்டே அமுக்கு. தோல்ல எழுதினவங்க பண்ணின அதே கணக்குதான் இது. முழு கீபோர்டும் ஆட்டோ கரெக்டும் வந்ததும் அந்த மாதிரி சுருக்கத்துல பாதி தானா குறைஞ்சு போச்சு, ஓஎம்ஜி, எல்ஓஎல் மாதிரி சிலது மட்டும் தங்கி 2011-ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே ஏறிடுச்சு. தங்கினதுக்கு காரணம் நீளம் இல்ல, அதுக்கு ஒரு தொனி வந்துடுச்சு, எல்ஓஎல் போடறவங்க இப்போ சிரிக்கறாங்கனு அர்த்தம் இல்ல, 'கோவமா சொல்லல'ங்கறதுக்காகவும் போடறாங்க.

ஆனா சுருக்கம் நிஜமாவே கெடுதல் பண்ற இடம் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் சாட் பாஷை அளவுக்கு கவலைப்படறது இல்ல. அது ஆஸ்பத்திரி. யூனிட்ங்கறதுக்கு கையால யூனு ஒரு எழுத்து போட்டா அது பூஜ்யம் மாதிரி தெரியும், 4 யூனிட் இன்சுலின் 40 ஆயிடும். தினம் ஒரு தடவைங்கறதுக்கு கியூ-டி, ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு கியூ-ஓ-டி, கையெழுத்துல ஒரு சுழிதான் வித்தியாசம். எம்எஸ்னா மார்ஃபின் சல்ஃபேட்டாவும் இருக்கலாம், மெக்னீஷியம் சல்ஃபேட்டாவும் இருக்கலாம், ஒண்ணு வலி மருந்து, இன்னொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மைக்ரோகிராமுக்கு போடற கிரேக்க எழுத்து எம் மாதிரி தெரிஞ்சா அது மில்லிகிராம் ஆயிடும், டோஸ் ஆயிரம் மடங்கு. 1.0-னு எழுதினா புள்ளி மங்கிப் போய் 10 ஆயிடும். அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஜாயின்ட் கமிஷன் 2004-ல 'இதெல்லாம் உபயோகிக்கவே கூடாது'னு ஒரு பட்டியலே போட்டு, யூனிட்டை யூனிட்னு முழுசா எழுதுங்கனு சொல்லிடுச்சு. சுருக்கறதுல எழுதறவருக்கு மிச்சம் அரை நொடி, தப்பாப் போனா விலை குடுக்கறது படுக்கையில இருக்கறவங்க. சுருக்கம் சரியா தப்பாங்கறத படிக்கறவங்க பக்கத்துல நின்னு பாக்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதான் காரணம். ஆபீஸ் ரிப்போர்ட்னாலும் அதேதான், முதல் தடவை வரும்போது முழுப் பேரை எழுதி பக்கத்துல சுருக்கத்தை போடுங்க, அப்புறம் சுருக்கத்தையே ஓட்டுங்க, ரெண்டே தடவை வர்ற பேருக்கு சுருக்கமே வேண்டாம்.

சுருக்கினா எப்பவும் மிச்சம்தான்னும் இல்ல. வேர்ல்டு வைட் வெப்னு சொல்ல மூணு அசை, அதோட சுருக்கமான மூணு டபிள்யூவை இங்கிலீஷ்ல முழுசா சொன்னா ஒன்பது அசை.

புள்ளி விஷயம். பிரிட்டிஷ் வழக்கத்துல சுருக்கம் வார்த்தையோட கடைசி எழுத்துல முடிஞ்சா புள்ளி வேண்டாம், அதனால மிஸ்டர், டாக்டர், மிஸஸ் எல்லாத்துக்கும் புள்ளி இல்ல, ப்ரொஃபசர்ங்கறத பாதியில வெட்டறதால அதுக்கு புள்ளி உண்டு. அமெரிக்காவுல எல்லாத்துக்கும் புள்ளி. பெரிய எழுத்து சுருக்கத்துக்கு பெரும்பாலும் இப்போ யாரும் புள்ளி வைக்கறது இல்ல, நியூயார்க் டைம்ஸ் மாதிரி சில பேப்பர் எஃப்பிஐ-க்கு இன்னும் வைக்கறாங்க, கார்டியனும் பிபிசியும் நாசாவ முதல் எழுத்து மட்டும் பெருசா, மீதி சின்ன எழுத்துல எழுதறாங்க. ஒரே கட்டுரைக்குள்ள ஒரே முறைய வெச்சுக்கிட்டா எதுவும் தப்பில்ல. பன்மைக்கு மட்டும் அப்பாஸ்ட்ரஃபி வேண்டாம், பல சிடினா சிடி-க்கு பக்கத்துல சின்ன எஸ் போட்டா போதும், அப்பாஸ்ட்ரஃபி போட்டா சிடியோடதுங்கற அர்த்தம் வந்துடும். ஏடிஎம் மெஷின், பின் நம்பர் இதுல கடைசி வார்த்தை ரெண்டு தடவை வருது, பேச்சுல பரவாயில்ல, எழுத்துல தவிர்க்கலாம்.

நீங்க கேக்கல, ஆனா அடுத்து கேப்பீங்க: சுருக்கத்துக்கு முன்னாடி 'ஏ' போடறதா 'ஆன்' போடறதா? எழுத்தை பாக்காதீங்க, சத்தத்தை கேளுங்க. எம்பிஏ-ல எம் மெய்யெழுத்துதான், ஆனா வாயில 'எ'ன்னுதான் ஆரம்பிக்குது, அதனால ஆன் எம்பிஏ. யூஎஸ்பி-ல யூ உயிரெழுத்துதான், ஆனா சத்தம் 'யூ', அதனால ஏ யூஎஸ்பி. இதே கணக்குல எஸ்கியூஎல்-ல எழுத்து எழுத்தா படிக்கறவங்க ஆன் போடணும், சீக்வெல்னு படிக்கறவங்க ஏ போடணும், ரெண்டு பேரும் சரி.